எண்ணம் படிக்கும் மேடை: மேஜிக் கற்கத் தொடங்கியவர் கண்ணை எங்கே வைப்பது?

மனதைப் படிப்பதுபோல் காட்டும் மென்டலிசம் நிகழ்ச்சி ஒன்றை முதன்முதலாக நேரில் பார்க்கப் போனபோது, நான் சீட்டும் நாணயமும் பழகத் தொடங்கி ஏழெட்டு மாதங்கள் ஆகியிருந்தன. எந்த மேஜிக் கலைஞரைப் பார்த்தாலும் என் கண் அவர் கையைவிட்டு நகராத காலம் அது. அன்றும் ஒன்றரை மணி நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையில் ஒரு சிறிய வெள்ளைப் பலகை, ஒரு மார்க்கர் பேனா, அவ்வப்போது ஓர் உறை. அதற்கு மேல் எதுவும் இல்லை.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண்மணி மேடைக்கு வந்தார். பள்ளியில் உடன் படித்த, பல வருடங்களாகப் பார்க்காத ஒரு தோழியை நினைத்துக்கொள்ளச் சொன்னார் கலைஞர். பிறகு பலகையில் எதையோ எழுதி, எழுதிய பக்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “இப்போது அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள்” என்றார். அவர் சொன்னார். பலகை திரும்பியது. அதே பெயர். அந்தப் பெண்மணி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அரங்கம் ஒரு நொடி அமைதியாக இருந்து, பிறகு அதிர்ந்தது. நானோ அந்த நொடியிலும் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நிறைய நிகழ்ச்சிகள் பார்த்துவிட்டேன். மேஜிக் பழகத் தொடங்கும் ஒருவர் மென்டலிசம் பார்க்கப் போகும்போது எதைக் கவனித்தால் பயன் உண்டு என்று இப்போது ஓரளவு சொல்ல முடியும். எந்த வித்தையின் ரகசியத்தையும் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. அந்தக் கலையின் அடிப்படை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மென்டலிசம் என்பது மேஜிக்கின் ஒரு கிளை. மனதைப் படிப்பது, நடக்கப் போவதை முன்பே சொல்வது, இருவர் பேசாமலே எண்ணத்தைக் கைமாற்றிக்கொள்வது, ஒருவர் தேர்வைத் தொலைவிலிருந்தே வழிநடத்துவது போன்ற தோற்றங்களை மேடையில் உண்டாக்குவதுதான் இதன் வேலை. உண்மையான அமானுஷ்ய சக்தி எதுவும் இதில் இல்லை. ஆனாலும் இது நாணய வித்தையிலிருந்து ஒரு முக்கியமான இடத்தில் வேறுபடுகிறது. நாணயம் மறைந்தால் மறைந்ததற்குக் கண் சாட்சி. மென்டலிசத்தில் கண்ணுக்கு எதுவும் நடப்பதில்லை. ஒருவர் மனதில் ஒரு சொல், இன்னொருவர் பலகையில் அதே சொல். இரண்டும் பொருந்துகின்றன, அவ்வளவுதான். அந்தப் பொருத்தம் அதிசயமாகத் தோன்ற வேண்டுமானால், அந்தச் சொல் அவர் மனதைத் தவிர வேறெங்கும் இருந்ததில்லை என்று அரங்கம் முழுவதும் நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கையைக் கட்டும் வேலையில் பெரும்பங்கு பேச்சாலும், நேரத்தாலும், நம் நினைவின் இயல்பாலும் நடக்கிறது.

நினைவு என்ற இந்த ஒன்றைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்தப் பெண்மணியின் கதையில் ஒரு சிறு விவரத்தை மேலே விட்டுவிட்டேன். மேடைக்கு வந்தவுடன் கலைஞர் அவரிடம் ஒரு சிறிய அட்டையைக் கொடுத்து, “பதற்றத்தில் பெயர் மாறிவிடக் கூடாது, மனதில் ஊன்றி நிற்க ஒருமுறை எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். அவர் எழுதி, மடித்து, உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். அதன் பிறகு கலைஞர் அவரிடம் வேறு விஷயங்களைப் பற்றிப் பேசினார். அந்தத் தோழியோடு விளையாடிய விளையாட்டு, அவர் சிரிப்பு எப்படி இருக்கும், கடைசியாகப் பார்த்த நாள். சில நிமிடங்கள் கழித்துத்தான் பலகையைக் கையில் எடுத்தார். பெயரைக் கேட்பதற்கு முன் அரங்கத்தைப் பார்த்து, நடந்ததை ஒருமுறை தொகுத்துச் சொன்னார். “இவரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கான பெயர்களில் ஒன்றை இவர் மனதில் நினைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.” அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நிகழ்ச்சி முடிந்து படியிறங்கும்போது எனக்கு முன்னால் போன ஒருவர் தொலைபேசியில் யாருக்கோ விவரித்துக்கொண்டிருந்தார். “அந்த அம்மா சும்மா நினைச்சாங்க, வாயே திறக்கலை, எழுதவும் இல்லை, ஒண்ணும் இல்லை” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. என்னைப் போலவே அவரும் அந்த அட்டையைப் பார்த்திருக்கிறார். அரை மணி நேரத்துக்குள் அது அவர் நினைவிலிருந்து கரைந்துபோயிருந்தது. அந்த அட்டைக்கும் வித்தைக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை. மேடையில் நடந்தது ஒன்று, வெளியே எடுத்துச் செல்லப்பட்டது இன்னொன்று. மென்டலிஸ்ட் வடிவமைப்பது இந்த இரண்டாவதைத்தான்.

இது 130 ஆண்டுகளுக்கு முன்பே பதிவான விஷயம். இங்கிலாந்தில் ஆவிகள் பலகையில் எழுதுவதாகச் சொல்லிக் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்த காலத்தில், எஸ்.ஜே. டேவி என்ற இளைஞர் அதே காட்சிகளைத் தந்திரத்தால் மட்டுமே நடத்திக் காட்டினார். உடன் அமர்ந்து பார்த்தவர்களைப் பார்த்ததை எழுதித் தரச் சொன்னார். இத்தகைய காட்சிகளை ஆராய்ந்துவந்த ரிச்சர்ட் ஹாட்ஜ்சனும் அவரும் சேர்ந்து அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து 1887-ல் வெளியிட்டார்கள். படித்தவர்கள், கவனமாக எழுதியவர்கள். ஆனாலும் முக்கியமான நிகழ்வுகள் விடுபட்டிருந்தன, வரிசை மாறியிருந்தது, நடக்காத சோதனைகள் நடந்ததாக இருந்தன. வித்தையின் உயிர்நாடியான நொடிகளே பெரும்பாலும் காணாமல் போயிருந்தன.

நினைவு எவ்வளவு எளிதில் வளையும் என்பதைப் பிற்காலத்து உளவியல் சோதனைகளும் காட்டின. 1974-ல் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் ஒரே கார் விபத்துப் படத்தைப் பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். கார்கள் “மோதின” என்ற பொருளில் சிலரிடமும் “நொறுங்க மோதின” என்ற பொருளில் சிலரிடமும் வேகத்தைக் கேட்டார்கள். கடுமையான சொல்லைக் கேட்டவர்கள் அதிக வேகத்தைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அவர்களிடையே கூடுதலாக இருந்தார்கள். கேள்வியில் மாறியது ஒரே ஒரு வினைச்சொல். மேடையில் நின்று “நீங்கள் மனதில் நினைத்தீர்கள்” என்று கலைஞர் சொல்லும்போது அவர் தேர்ந்தெடுக்கும் வினைச்சொல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஆகவே நிகழ்ச்சியில் கூர்ந்து கேட்க வேண்டிய முதல் இடம், இந்தத் தொகுத்துச் சொல்லும் இடம். பெரும்பாலும் உச்சத்துக்குச் சற்று முன்னால் வரும். என்னென்ன சொல்கிறார், எதை வேறு சொல்லால் சொல்கிறார், எதைச் சொல்லாமல் கடக்கிறார் என்று கவனியுங்கள். நல்ல கலைஞர் இந்த மூன்று நான்கு வாக்கியங்களை எழுதி, அடித்து, மறுபடி எழுதிப் பல மாதங்கள் செதுக்கியிருப்பார்.

இன்னொன்று, பலகை திரும்பிய வரிசை. அவர் முதலில் எழுதினார், பிறகு பெயரைச் சொல்லச் செய்தார், அதன் பிறகே திருப்பினார். வரிசையை மாற்றி, முதலில் பலகையைத் திருப்பிவிட்டு “இதுதானே?” என்று கேட்டிருந்தால் என்ன ஆகும்? பலகையில் இருப்பது அரங்கத்துக்கு வெறும் ஒரு பெயர். எல்லோரும் அந்தப் பெண்மணியின் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அவர் தலையாட்ட வேண்டும், பிறகு கைதட்ட வேண்டும். வியப்பு இரண்டு மூன்று துண்டுகளாகச் சிதறிவிடும். பெயர் முதலில் காதில் விழுந்துவிட்டால், பலகை திரும்பும் கணத்தில் முந்நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் பொருத்தம் நிகழ்கிறது. வித்தையின் வழி எதுவாக இருந்தாலும் இந்த வரிசை ஒரு தனிப் பாடம். சீட்டு வித்தை செய்பவர்கள்கூட இதை மறுநாளே தங்கள் மேசையில் பயன்படுத்தலாம்.

மேடைக்கு வரும் பார்வையாளரின் முகத்தையும் பாருங்கள். மென்டலிசத்தில் திரை அதுதான். எதுவும் பறக்காத, எதுவும் மறையாத மேடையில் அரங்கம் பார்ப்பது அந்த முகத்தில் ஏற்படும் மாற்றத்தை. அதனால்தான் தேர்ந்த கலைஞர்கள் வருபவரின் பெயரை விசாரித்து, அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, உட்கார வைத்து, பயத்தைப் போக்கி, அனுப்பும்போது கைதட்டலை அவர் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். சிலர் ஒரு மென்பந்தைக் கூட்டத்துக்குள் முதுகுப்புறமாக எறிந்து, பிடித்தவரை மீண்டும் எறியச் சொல்லி, கடைசியாக யாரிடம் போகிறதோ அவரை அழைப்பார்கள். ‘ஆள் செட்டப்’ என்ற சந்தேகத்தை ஒரு வார்த்தை பேசாமல் துடைத்துவிடும் அழகான உத்தி அது.

சந்தேகத்தைத் துடைப்பது என்றதும் பிரெஞ்சு மேஜிக் கலைஞர் ராபர்ட்-ஊடன் நினைவுக்கு வருகிறார். 1846-ல் பாரிஸில் அவர் தன் மகன் எமிலோடு ‘இரண்டாம் பார்வை’ என்ற காட்சியை நடத்தினார். கண்கட்டப்பட்ட சிறுவன் மேடையில். தந்தை பார்வையாளர்களிடையே நடந்து அவர்கள் கொடுக்கும் பொருளைக் கையில் வாங்கிக் கேட்க, சிறுவன் அது என்னவென்று சொல்வான். கேள்வியின் சொற்களில்தான் சங்கேதம் இருக்கிறது என்று மக்கள் ஊகிக்கத் தொடங்கினார்கள். உடனே அவர் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு சிறு மணியை மட்டும் அடித்தார். மணியில் சங்கேதம் என்றார்கள். மணியையும் எடுத்துவிட்டார். சிறுவன் அப்போதும் சொன்னான். பார்வையாளர் மனதில் எழும் விளக்கம் என்ன என்று காதுகொடுத்துக் கேட்டு, அந்தக் கதவை ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறார். நீங்கள் பார்க்கும் நிகழ்ச்சியிலும் இது நடக்கும். உங்களுக்கு ஒரு ஊகம் தோன்றிய அடுத்த நிமிடமே கலைஞர் அதை உடைக்கும் ஒரு செயலைச் செய்தால், அது தற்செயல் அல்ல. உங்களுக்கு முன் நூறு கூட்டங்கள் அதே இடத்தில் அதையே ஊகித்திருக்கின்றன.

தவறுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீட்டு வித்தையில் தவறான சீட்டை எடுத்தால் வித்தை முடிந்தது. மென்டலிசத்தில் ஒரு எழுத்து பிசகினால், தேதி ஒருநாள் தள்ளிப்போனால், நம்பிக்கை கூடுகிறது. தந்திரம் என்றால் அது துல்லியமாகத்தானே இருக்கும், இவர் தடுமாறுகிறார் என்றால் உண்மையிலேயே முயல்கிறார் என்று மனம் கணக்குப் போடுகிறது. போலந்தில் பிறந்து பிரிட்டனில் புகழ்பெற்ற சான் கனாஸ்டா உண்மையிலேயே தோற்கக்கூடிய சோதனைகளைத் துணிந்து செய்தவர். சில சமயம் தோற்கவும் செய்தார். அதனாலேயே அவர் வென்றபோது மக்கள் திகைத்தார்கள். ஒரு நிகழ்ச்சியில் தவறு நேர்ந்தால், அது எந்த இடத்தில் வருகிறது, கலைஞர் அதை எந்தக் குரலில் ஏற்றுக்கொள்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியிலேயே ஒரு சிறு பிழை வந்துவிட்டால் மீதி நிகழ்ச்சி முழுவதற்கும் ஒரு பதற்றம் கிடைத்துவிடுகிறது. அது திட்டமிட்டதா இல்லையா என்பதை அரங்கத்தில் உட்கார்ந்தபடி சொல்லவே முடியாது.

அடுத்தது ஒரு பொறி. நானே பல மாதம் அதில் கிடந்தேன். இன்றைய மென்டலிஸ்ட்கள் பலர் தங்கள் திறமைக்கு மேடையிலேயே ஒரு விளக்கம் தருவார்கள். “உங்கள் இடது கண் லேசாகச் சுருங்கியது”, “அந்தச் சொல்லைக் கேட்டதும் மூச்சு மாறியது”. மேஜிக் பழகும் நாம் இதைக் கேட்டதும் உடல்மொழிப் புத்தகங்களைத் தேடிப் போய்விடுகிறோம். அந்த விளக்கமும் காட்சியின் ஒரு பகுதிதான், உடை, விளக்கு, இசை போல. ஒரு காலத்தில் இதே இடத்தில் ஆவிகள் இருந்தன. பிறகு டெலிபதி, அதாவது பேசாமலே எண்ணத்தைக் கடத்துவது, வந்தது. இப்போது உளவியல் வந்திருக்கிறது. பார்வையாளர்கள் எதை நம்பத் தயாராக இருக்கிறார்களோ அதை அந்தந்தக் காலம் உடுத்திக்கொள்கிறது.

உடல் வழியே எண்ணம் கசிவதும் உண்மை. ஆனால் அது கண் சுருங்குவதைவிட எளிமையான இடத்தில் கிடைக்கிறது. ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குக்கு விடை சொல்லிப் புகழ்பெற்றது. 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதை முறையாகச் சோதித்தார். கேட்பவருக்கு விடை தெரியாதபோதும், குதிரையால் அவரைப் பார்க்க முடியாதபோதும் அது தோற்றது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையும் உடலும் தன்னறியாமல் துளி அசைந்தன. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. 19-ஆம் நூற்றாண்டில் வாஷிங்டன் இர்விங் பிஷப் போன்றவர்கள், ஒளித்துவைத்த பொருளை, அதை ஒளித்தவரைத் தொட்டபடியே கண்டுபிடித்துக் காட்டியதும் இந்தக் கசிவை வைத்துத்தான். இதை நீங்கள் இன்றே ஒரு நண்பரோடு முயன்று பார்க்கலாம். அவர் ஒரு பொருளை அறையில் ஒளிக்கட்டும். அவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்தபடி, போக வேண்டிய திசையை மட்டும் மனதில் விடாமல் நினைக்கட்டும். நீங்கள் மெதுவாக அடி எடுத்து வையுங்கள். தவறான திசையில் லேசான இறுக்கமும் சரியான திசையில் ஒரு தளர்வும் கிடைக்கும். பத்து முறை தோற்ற பிறகு பதினொன்றாவது முறை கால் தானாகப் போய் நிற்கும். அந்த அனுபவம் மறக்காது.

குணத்தைப் படித்துச் சொல்லும் பகுதி வந்தால், பேசுபவரை விட்டுவிட்டு அரங்கத்தில் ஆடும் தலைகளைப் பாருங்கள். 1948-ல் உளவியல் ஆசிரியர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ‘உங்களுக்கான முடிவு’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே வாசகம். “வெளியே கலகலப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் யோசிப்பவர் நீங்கள்” என்று மேடையில் ஒருவரிடம் சொல்லும்போது, அவரோடு சேர்ந்து நான்கு வரிசைகள் தலையாட்டும்.

இங்கே எனக்கு ஓர் உறுத்தல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. இந்தக் கருவி கூர்மையானது. இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லி அழுகிறவரிடம் இதைப் பயன்படுத்துபவரும் உண்டு, பிறந்தநாளைச் சொல்லிச் சிரிக்க வைப்பவரும் உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலே, சான்சிக் தம்பதியின் மேடைச் சங்கேதத்தை உண்மையான டெலிபதி என்று நம்பினார். அறிவாளி ஏமாற மாட்டார் என்ற எண்ணத்தில் யாரும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. நீங்கள் பார்க்கும் கலைஞர் தன்னைப் பற்றி என்ன உரிமை கோருகிறார், நோய், மரணம், பணம் பற்றிய கேள்விகள் வந்தால் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பிடிங்டன் தம்பதி இதற்கு ஒரு நேர்த்தியான வழி கண்டார்கள். சிட்னி பிடிங்டன் இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் கைதியாக இருந்தபோது சக கைதிகளுக்காக எண்ணம் கைமாற்றும் காட்சிகளைச் செய்யத் தொடங்கியவர். 1949-ல் பிபிசி வானொலியில் மனைவி லெஸ்லியோடு நடத்திய நிகழ்ச்சிகளில், லெஸ்லி லண்டன் டவரில் இருக்க, சிட்னி ஒலிப்பதிவு அறையில் இருந்து எண்ணத்தை அனுப்பிக் காட்டினார். முடிவில் சொன்னது இவ்வளவுதான்: நீங்களே நீதிபதிகள். சக்தி உண்டு என்று அவர்கள் சாதிக்கவும் இல்லை, வழியை அவிழ்க்கவும் இல்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். முன்வரிசை வேண்டாம். அரங்கத்தின் நடுவில், சற்றுப் பின்னால் உட்கார்ந்தால் மேடையும் தெரியும், மனிதர்களும் தெரிவார்கள். மேடைக்கு அழைத்தால் போங்கள், சொன்னதைச் செய்யுங்கள். நீங்களும் மேஜிக் பழகுபவர் என்று காட்டிக்கொள்ள அது இடமில்லை. கைபேசியில் படம் பிடிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஊகத்தைக் கிசுகிசுக்காதீர்கள், அவர் டிக்கெட் வாங்கியது வியப்பதற்காக.

முடிந்தால் மேஜிக்கைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அன்றிரவே இருவரும் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் கேட்காமல், ஏதாவது ஒரு காட்சியை வரிசையாக எழுதிப் பாருங்கள். யார் எழுந்தார், எது முதலில் நடந்தது, என்ன கையில் கொடுக்கப்பட்டது, கலைஞர் எந்தச் சொற்களைச் சொன்னார். பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் தாளில் இருந்து அவர் தாளில் இல்லாதவைதான் நீங்கள் படிக்க வேண்டியவை. அவர் தாளில் இருந்து மேடையில் நடக்கவே நடக்காதவை அதைவிட முக்கியம். உங்கள் தாளும் அவ்வளவு நம்பகமானதல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதே நிகழ்ச்சியை இரண்டாவது முறை பார்க்க வாய்ப்பு வந்தால் தவறவிடாதீர்கள். தற்செயலாகத் தோன்றிய தயக்கம், திடீரென்று வந்ததாக நினைத்த சிரிப்பு, யோசித்துச் சொன்னதாக நினைத்த வாக்கியம் ஆகியவற்றில் எவை அதே இடத்தில் திரும்ப வருகின்றன, எவை அன்று மட்டும் பிறந்தவை என்பது அப்போதுதான் பிரியும்.

அந்தக் கலைஞரை நான் ஒரு வருடம் கழித்து மறுபடி பார்த்தேன். இந்த முறை மேடைக்கு வந்தவர் ஓர் இளைஞர், நினைத்தது பள்ளி ஆசிரியர் ஒருவரின் பெயரை. அட்டை வந்தது, எழுதினார், மடித்தார். விளையாட்டுத் திடல், மணிச்சத்தம், ஆசிரியரின் மூக்குக்கண்ணாடி என்று பேச்சு நீண்டது. “இவரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை” என்று கலைஞர் தொடங்கியதும் நான் மேடையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தேன். “மனதில் நினைத்தார்” என்ற இடத்தில் ஒரு மூச்சு இடைவெளி விட்டார். எனக்கு முன்னால் இருந்த வரிசையில் ஒரு முதியவர் ஆமாம் என்பதுபோல் தலையாட்டினார். அவருக்கு அடுத்தவரும் ஆட்டினார். அந்த இளைஞரின் உள்ளங்கை இன்னும் மூடியே இருந்தது.